மினுங்காத மேசை

கண்ணாடிக்கு எந்தத் துணி, மரத்தரைக்கு எந்தத் திரவம் என்றெல்லாம் இதில் எழுதப் போவதில்லை. அது போத்தலிலேயே எழுதியிருக்கிறது. டொச் மொழி வாசிக்க வராதவர்களுக்குப் படமும் போட்டிருக்கிறார்கள். துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டபோது, போத்தலில் எழுதாத விஷயம் என்னிடம் என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்று இருந்தது. அது ஒரு மேசையின் கதை.

மேசைக்கு வருவதற்கு முன்னால் ஒரு போர்த்துக்கேயப் பெண்மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சுவிஸ் வந்து பேர்னில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலாளராக இருந்தவர். பெயரை எழுத மாட்டேன். எழுதியது அவருக்குத் தெரிந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார். ஒருநாள் ஒரு பெரிய கட்டடத்தின் வாசல் மண்டபத்தில், சலவைக்கல் தரையில் மங்கலாக ஒரு கறை தெரிந்தது. எனக்கு அப்போது வேகம் அதிகம், புத்தி குறைவு. குளியலறைக்குப் பாவிக்கும் அமிலத்தை எடுத்து ஊற்றப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இது என்ன கறை என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாவிட்டால் கை வைக்காதே, முதலில் கேள் என்றார். அந்த அமிலம் சலவைக்கல்லை அரித்துவிடும் என்று பிறகுதான் அறிந்தேன். ஊற்றியிருந்தால் அன்றோடு என் வேலை முடிந்திருக்கும்.

நம்மவர்கள் நல்ல வேலைக்காரர்கள். அழுக்கைக் கண்டால் கை தானாக எழும்பும். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கையை நிறுத்தி வைப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி என்று எனக்குப் புரிய, ஓய்வு பெறும் வயது வரவேண்டியிருந்தது.

அப்போது நான் எங்கள் நிறுவனத்தில் வீடு காலி செய்யும் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். தனியாக வாழ்ந்த வயதானவர்கள் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது வீட்டில் உள்ளதை அகற்றி, எறிவதை எறிந்து, கழுவித் துடைத்துத் திறப்பைக் கையளிப்பது எங்கள் வேலை. பீல் நகரத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு வீடு வந்தது. கைக்கடிகாரங்களால் வாழ்ந்த பிரதேசம் அது. வீட்டுக்காரிக்கு எண்பது தாண்டியிருக்கும். நாங்கள் எங்களுக்குள் ஆச்சி என்றே சொன்னோம். பொதுவாக இப்படிப்பட்டவர்களைப் பிள்ளைகள் முதல் நாளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த ஆச்சி போக மாட்டேன் என்று குசினிக் கதிரையில் இருந்தபடி, ஒவ்வொரு சாமானும் வெளியே போகும்போது அதன் கதையை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னோடு வந்தவர்களில் ஒருவன் சுதன். மட்டக்களப்புக் கரையோர ஊர்க்காரன். யுத்தம் முடிந்த பிறகு வந்தவன். மனைவி மாலினி, நான்கு வயதில் ஒரு மகள். ஓஸ்டர்முண்டிகனில் என் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்தார்கள். அவனுக்கு இருந்தது எஃப் விசா. அது எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக்கூடிய தற்காலிக அனுமதி என்பது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிரந்தர வேலை, வேலையிடத்தில் ஒரு முறைப்பாடும் இல்லை என்று காட்டித்தான் வதிவிட அனுமதியான பி விசாவுக்கு மாற வேண்டும். சுதன் அந்த வருடம்தான் விண்ணப்பம் போட்டிருந்தான். அதனால் அவன் நடப்பதுகூட முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது போலத்தான் இருக்கும்.

மேல்மாடத்தில், யன்னலோரம் ஒரு மேசை நின்றது. கடிகார வேலை செய்பவர்களின் மேசை. உயரமான கால்கள், சின்னச் சின்ன இழுப்பறைகள், கைபட்டுக் கைபட்டு வழுவழுத்த நல்ல மரம். முல்டே என்று சொல்லும் இரும்புக் குப்பைத் தொட்டிக்குள் அதைப் போட வேண்டும். சுதன் அதைத் தடவிக்கொண்டு நின்றான். படியிறக்கிக் குசினி வாசலுக்குக் கொண்டுவந்தபோது ஆச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. தன் தாய் அந்த மேசையிலிருந்துதான் கடிகார முகங்களில் இலக்கங்களுக்கு மினுங்கும் மை பூசியவர் என்றார். தொழிற்சாலையிலிருந்து வேலை வீட்டுக்கு வருமாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து தானும் பூசுவாராம். சில நாட்களில் அந்த மையை நகங்களில் பூசிக்கொண்டு போர்வைக்குள் போய்த் தம்பியைப் பயமுறுத்துவாராம். இப்போது அந்த மேசை மினுங்குமா என்று சுதன் என்னைக் கேட்கச் சொன்னான். ஆச்சி சிரித்தார். அது எப்போதோ செத்துவிட்டது என்றார். பிறகு சுதனின் முகத்தைப் பார்த்து, உனக்குப் பிடித்திருந்தால் நீயே கொண்டுபோ என்று கையைக் காட்டினார்.

வாடிக்கையாளர் வீட்டிலிருந்து எதையும் கொண்டுபோகக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஆனால் முல்டேக்குள் விழ வேண்டிய சாமான்களில் பாதி எங்கள் வீடுகளிலும், மற்றப் பாதி ஊருக்குப் போகும் பெட்டிகளிலும் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். சுதன் பள்ளிக்கூட வயதில் இடம்பெயர்ந்து திரிந்தவன். மரத்தடியில், மடியில் கொப்பி வைத்து எழுதியவன்.

"அண்ணை, என்ர பிள்ளை மேசையில இருந்து எழுதவேணும்," என்றான்.

அந்த முகத்துக்கு முன்னால் விதியை எடுத்து நீட்ட என்னால் முடியவில்லை. நிறுவனத்து வான் வண்டியில் ஏற்றினோம்.

விஜயதசமி வந்தது. காலையில் திரிம்பாக் கோவிலில் ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதிவைத்தார். பின்னேரம் வீட்டில், புது மேசையில், ஒரு தட்டத்தில் அரிசி பரப்பி இன்னொரு தடவை ஏடு தொடக்கினார்கள். என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிள்ளையின் உயரத்துக்குக் கால்களை அரிந்திருந்தான். இரண்டு சனிக்கிழமை பிள்ளையின் அறையில் வைத்தே அரத்தாளால் தேய்த்தானாம். நிலவறையில் சத்தம் போட்டால் கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார் என்ற பயம். மேற்பலகையில் மண்ணிறமாகச் சில கறைகள் இருந்தனவாம். எதற்கும் போகவில்லையாம். மரத்தின் உள்பக்கம் தெரியும்வரை தேய்த்து எடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னான். தடவிப் பார்த்தேன். பட்டுப் போல இருந்தது. கெட்டிக்காரன் என்று சொல்லி, ஒரு கோப்பைக் கடலையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு. அந்த மலையடிவார வீட்டை வாங்கியவர்கள் திருத்த வேலை தொடங்குவதற்கு முன் அரசாங்கத்திலிருந்து அளவெடுக்க ஆள் வருகிறதாம். திறப்பு இன்னும் எங்களிடம் இருந்ததால் நான் போய்த் திறந்துவிட வேண்டும். வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. அவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது, ஆனால் அவர் குரல் மறக்கவில்லை. கையில் தொலைபேசியை விடச் சற்றுப் பெரிய ஒரு கருவி. அதை இயக்கியதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் என்றது. பயப்பட வேண்டாம், கல்லிலும் மண்ணிலும் இயற்கையாக உள்ள கதிர்வீச்சுக்கே இவ்வளவு சத்தம் எங்கும் வரும் என்றார். குசினியில் அப்படித்தான் கேட்டது. படியில் அப்படித்தான் கேட்டது. மேல்மாடத்து யன்னலடிக்குப் போனதும், சூடான எண்ணெயில் கடுகு போட்டது போல வெடிக்கத் தொடங்கியது.

அவர் முழங்காலில் இருந்து பலகை இடுக்குகளில் கருவியைப் பிடித்தபடி கதைத்துக்கொண்டிருந்தார். கதைப்பதில் விருப்பமுள்ளவர். நூற்று இருபது, நூற்று முப்பது வருடங்களுக்கு முன்னால் உலகத்துக்கு ஒரு மயக்கம் பிடித்திருந்தது என்றார். தோலைக் கிழிக்காமல் எலும்பைப் படம் பிடித்தார்கள். கம்பியில்லாமல் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பினார்கள். அதே ஆண்டுகளில்தான் பாரிஸில் ஒரு கணவனும் மனைவியும் வண்டி வண்டியாகத் தாதுமண்ணைக் காய்ச்சி, அதிலிருந்து ஒரு சிட்டிகை ரேடியம் எடுத்தார்கள். எரியாமல், சுடாமல், தானாக ஒளி விடும் ஒரு பொருள். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு ஒன்றும் நினைக்கத் தோன்றவில்லை. முகத்துக்குப் பூசும் கிறீமில் கலந்தார்கள். குடிக்கும் தண்ணீரில் கலந்து உடம்புக்குப் பலம் என்று விற்றார்கள். பிறகு இருட்டிலும் நேரம் தெரியட்டும் என்று கடிகார முகத்தில் பூசினார்கள். அந்தக் காலத்து ஆட்கள் மடையர்கள் என்று நினைக்க வேண்டாம் என்றார். அழகாக இருக்கும் ஒன்று கெடுதல் செய்யும் என்று நம்புவது எல்லாருக்கும் கடினம்தானே என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த மை எப்போதோ செத்துவிட்டது என்று வீட்டுக்காரி சொன்னாவே என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ரேடியத்தோடு இன்னொரு பொடியைச் சேர்த்துத்தான் மினுங்கச் செய்வார்கள். சில வருடங்களில் களைத்துப் போவது அந்தப் பொடிதான். ரேடியம் பாதியாகக் குறையவே ஆயிரத்து அறுநூறு வருடம் எடுக்கும். மினுங்காமல் இருந்தபடி அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்றார்.

பிறகு தரையைக் காட்டினார். நிறம் மங்காமல் நான்கு கால்களின் அடையாளம் அங்கே இருந்தது.

இங்கே நின்ற மேசை எங்கே என்று கேட்டார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, என் வாயில் "தெரியாது" என்ற சொல் ஏற்கெனவே வந்து நின்றது. நான் யோசித்து வந்த சொல் அல்ல. ஊரில் சீருடைக்காரன் ஒருவன் வாசலில் நின்று இவனைத் தெரியுமா, அது எங்கே என்று கேட்டால், எங்களை உயிரோடு வைத்திருந்த சொல் அது. இங்கே வந்து இத்தனை வருடமான பிறகும், கையில் கருவியும் கோப்பும் வைத்திருக்கும் ஒருவர் கேள்வி கேட்டால் என் உடம்பு முதலில் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறது. உங்களில் பலருக்கும் அப்படித்தான். ஊர் தெரியாத பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனைப் பார்த்துப் பழகியிருக்கும்.

அதற்குப் பின்னால் இன்னொரு சாமர்த்தியமான யோசனையும் வந்தது. எரித்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம். வேலை முடிந்ததும் சுதன் வீட்டுக்குப் போய் மேசையை உடைத்து நானே கொண்டுபோய் எறிந்துவிடலாம். அவன் வேலையும் விசாவும் தப்பும். என் பெயரும் தப்பும். எவ்வளவு சுத்தமான வேலை. நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில் அந்தப் போர்த்துக்கேயப் பெண்மணி மணிக்கட்டைப் பிடித்த இடம் எனக்கு நினைவு வந்தது. இந்தக் கறையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆகவே முதலில் கேட்டேன். அப்படி ஒரு மேசையை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்திருந்தால் என்ன ஆகும்?

அவர் எழும்பி நின்றார். யார் என்று கேட்கவில்லை. ஈரத்துணியால் துடைத்திருந்தால் பெரிய பயம் இல்லை என்றார். அரத்தாளால் தேய்த்திருந்தால்தான் பிரச்சினை, மேசையைவிட அந்தத் தூள்தான் ஆபத்து என்றார். மூச்சோடு உள்ளே போனால் எலும்பில் தங்கிவிடும். அந்த வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் தரையில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைப்பார்கள். கேட்டுவிட்டு, என்னை அவசரப்படுத்தாமல் நின்றார்.

மேசையை நான் எடுத்து எறிந்துவிடலாம். அந்த அறையின் தரையை யார் பார்ப்பது? அரிசித் தட்டத்தில் விரல் வைத்த பிள்ளையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மேசை எங்கே என்று எனக்குத் தெரியும் என்றேன்.

சுதனுக்கு நானே அழைத்துச் சொன்னேன். அவன் வேலையிடத்தில் நின்றான். பிள்ளையை அந்த அறைக்குள் விட வேண்டாம், கூட்டவோ துடைக்கவோ வேண்டாம் என்று மாலினியிடம் சொல்லச் சொன்னேன். அளவெடுக்க ஆள் வருகிறது என்றும் சொன்னேன்.

"நீங்கள் என்னைக் காட்டிக் குடுத்திட்டியள், அண்ணை," என்றான்.

எங்கள் ஆட்களிடையே இதைவிடக் கேவலமான சொல் கிடையாது. அந்தச் சொல்லால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். நான் வானை ஓட்டிக்கொண்டு ஓஸ்டர்முண்டிகன் போகும் வழியெல்லாம் அது காதுக்குள் நின்றது. பெண்மணி பக்கத்தில் இருந்து தன் கோப்பில் எழுதிக்கொண்டு வந்தார்.

சுதன் எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாலினி பிள்ளையைக் கையில் பிடித்தபடி நடையில் நின்றாள். பெண்மணி சப்பாத்துக்கு உறை போட்டுக்கொண்டு வாசலிலிருந்தே கருவியைப் பிடித்து வந்தார். நடையில் ஒன்றுமில்லை. குசினியில் ஒன்றுமில்லை. பிள்ளையின் அறை வாசலில் கடுகு வெடிக்கத் தொடங்கியது. மேசையின் இழுப்பறைக்குள் மோசமாக வெடித்தது. யன்னலடித் தரையில், கட்டில் காலடியில், சுவரோரத்தில் ஒவ்வொரு விதமாக வெடித்தது. சுதன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். தான் இரண்டு சனிக்கிழமை முழங்காலில் இருந்து தேய்த்த இடமெல்லாம் அந்தக் கருவி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியது. நான் பார்க்க முடியாமல் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

தேய்த்த தூளை எதால் அள்ளினார் என்று பெண்மணி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஈரத்துணியால துடைச்சனான் எண்டு சொல்லுங்கோ," என்றான், சுவரைப் பார்த்தபடி.

சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

பிறகு பிள்ளையைக் கூப்பிட்டார். பிள்ளை பயப்படாமல் வந்து, மருதாணிக்குக் கை நீட்டுவது போல இரண்டு கைகளையும் நீட்டியது. கருவியை உள்ளங்கைக்கு மேலே பிடித்தார். டிக் என்றது. நெடுநேரம் கழித்து இன்னொரு டிக். குசினியில் கேட்ட அதே சத்தம்தான். தலைமுடிக்கு மேலே பிடித்தார், அதேதான். செருப்பில் மட்டும் சற்று வெடித்தது. அதைப் பையில் போட்டுக் கட்டினார். மாலினி ஓடிப்போய்ச் சாமி அறையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். ஏடு தொடக்கிய அரிசி. மேசையில் வைத்திருந்த அரிசி இது, இதையும் பாருங்கள் என்றாள். என்ன அரிசி என்று நான் விளங்கப்படுத்தினேன். பெண்மணி அதை இரண்டு கையாலும் வாங்கி, பிள்ளையின் கைக்குப் பிடித்த அதே கவனத்தோடு கருவியைப் பிடித்தார். அரிசி சுத்தமாக இருந்தது. மாலினி அப்படியே நடையில் உட்கார்ந்து அழுதாள்.

மேசையைத் தாங்கள் கொண்டுபோவதாகவும், அறையை அதற்குரிய ஆட்கள் வந்து சுத்தம் செய்வார்கள் என்றும், பிள்ளையை ஒரு மருத்துவர் பார்ப்பார் என்றும் பெண்மணி சொன்னார். நேரத்தோடு தெரிந்ததால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்று நம்புவதாகச் சொன்னார். கருவியை உறையில் போட்டு மூடினார். எல்லாம் முடிந்துவிட்டது. அவர் சப்பாத்து உறையைக் கழற்றக் குனிந்தபோது, அதுவரை சுவரோடு நின்ற சுதன் முன்னால் வந்தான்.

என்னிடம் வரவில்லை. நேராக அவரிடம் போய், தன் அரைகுறை டொச்சில், தயவுசெய்து ஒரு நிமிடம் என்றான். துணி இல்லை, வாக்யூம் என்றான்; தூசி உறிஞ்சும் இயந்திரத்தைச் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கு டொச் வரவில்லை. அப்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

"வேலையிட வாக்யூமைத்தான் அண்ணை ரெண்டு சனிக்கிழமையும் வீட்டை கொண்டுவந்தனான். திங்கள் திரும்பக் கொண்டுபோய் வைச்சிட்டன். அது கீட்டாவில நிக்குது. இண்டைக்கும் அங்க அதாலதான் உறிஞ்சினனான். அங்கயும் பிள்ளையள் படுக்கிறவை. அவவுக்குச் சொல்லுங்கோ. அப்பிடியே சொல்லுங்கோ, ஒண்டும் குறைக்காதேங்கோ."

கீட்டா என்றால் வேலைக்குப் போகும் தாய் தகப்பன் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். பேர்னில் அப்படி ஒன்றை நாங்கள் தினமும் சுத்தம் செய்தோம். எனக்கு இது தெரியாது. அந்தப் பெண்மணிக்கும் தெரிந்திருக்காது. கருவி உறைக்குள் போய்விட்டது. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த வாக்யூமை யாரும் தேடியிருக்கப் போவதில்லை. நிறுவனத்தின் பொருளைச் சொந்த வேலைக்கு எடுத்தது, அதைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் பாவித்தது, அதிகாரியிடம் ஏற்கெனவே பொய் சொன்னது. எஃப் விசாவில் இருக்கும் ஒருவன் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் தானாகச் சொல்கிறான். நான் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஆளைக் காப்பாற்ற அங்கங்கே கொஞ்சம் மெழுகியும் இருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

அடுத்த நாள் நானும் சுதனும் முதலாளி முன்னால் நின்றோம். இருவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. வேலை போகவில்லை. பி விசா வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, ஆனால் அந்த எச்சரிக்கையால் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. அந்த ஒரு வருடமும் மாலினி ஒரு நாளைக்கு மூன்று தடவை தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று உங்களுக்குக் கதை விட நான் வரவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறது. கடையில் வாங்கிய வெள்ளை மேசையில் இருந்து எழுதுகிறது. அந்த ஆச்சியை முதியோர் இல்லத்தில் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மேசையைப் பற்றிக் கேட்டார். பிள்ளை எழுதப் பழகியது என்று மட்டும் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

ஆனால் இந்தத் தொழிலை நினைக்கும்போது எனக்கு நினைவு வருவது சுதன் வீட்டை அளந்த அன்றைய பின்னேரம்தான். நானும் சுதனும் அந்தப் பெண்மணியும் வானில் கீட்டாவுக்குப் போனோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாமான் அறையைத் திறந்ததும் வாக்யூம் கடுகாக வெடித்தது. தூள் எல்லாம் பைக்குள்ளேதான் நின்றிருந்தது. பெண்மணி அதைத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி வெளியே வைத்தார். பிறகு அறைகளை அளந்தார். தரை அமைதியாக இருந்தது. பிள்ளைகள் மத்தியானம் படுக்கும் மெத்தைகளில் மூன்று நான்கைப் பார்த்துவிட்டு, போதும், இங்கே ஒன்றுமில்லை என்றார்.

சுதன் கையை நீட்டினான். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கருவியைக் கொடுத்தார். அவன் முழங்காலில் இருந்தான். மேசையைத் தேய்த்தபோது இருந்த மாதிரியேதான், ஆனால் இந்த முறை எதையும் தொடவில்லை. ஒவ்வொரு மெத்தைக்கு மேலும் கருவியைப் பிடித்து, காதைக் கொடுத்து, டிக் என்ற சத்தத்துக்கும் அடுத்த டிக்குக்கும் இடையிலான அமைதியைக் கேட்டு, அடுத்த மெத்தைக்கு நகர்ந்தான். அவன் கடைசி மெத்தையை முடிக்கும்வரை நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம்.